அம்மாவின் கம்பெனியும் என் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்தபோது

அம்மாவுக்கு முதல் வேலை கிடைத்தபோது அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கிவருகிறேன் என்று காலையில் போனவள், பதினோரு மணிக்குக் கூடையில் அரைக் கிலோ வஞ்சிரமும் ஒரு நியமனக் கடிதமுமாகத் திரும்பி வந்தாள். கடிதத்தின் ஒரு மூலை நனைந்திருந்தது.

"நீ செய்யிற வேலதான் எனக்கும். கம்பெனிதான் வேற," என்றாள்.

பரீட்சை எழுதியதைப் பற்றியோ நேர்முகத்துக்குப் போனதைப் பற்றியோ யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை.

நான் அப்போது கோரிமேடு போகும் சாலையில் ஒரு மாடி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இணையத்தில் தேடித் தரும் பெரிய கம்பெனி ஒன்றுக்காக நடந்த அலுவலகம். பிரான்ஸில் யாரோ ஒருவர் ஒரு வார்த்தையைத் தட்டித் தேடினால் என்னென்ன பக்கங்கள் வருகின்றன, அவை அவருக்கு உதவுமா என்று பார்த்து மார்க் போட வேண்டும். பிரெஞ்சும் தெரிய வேண்டும், இந்தியச் சம்பளத்துக்கும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றால் பாண்டிச்சேரியை விட்டு வேறெங்கே போவார்கள்? அம்மா பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அவர் வீட்டில் சண்டைகூடப் பாதி பிரெஞ்சில்தான் நடக்குமாம். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பிரெஞ்சையெல்லாம் அம்மா எங்கள் வீட்டுப் பூனையிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

அவளை வேலைக்கு எடுத்தது லாஸ்பேட்டையில் இருந்த இன்னொரு அலுவலகம். எங்கள் கம்பெனியின் நேர் எதிரிக்காக வேலை செய்தவர்கள்.

குடும்பத்தில் யாராவது போட்டிக் கம்பெனியில் சேர்ந்தால் உடனே சொல்லிவிட வேண்டும் என்று நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். மறுநாள் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"யாரு, உங்க அண்ணனா?"

"இல்ல சார். எங்க அம்மா."

அவர் குனிந்து மேஜை டிராயரில் எதையோ தேடினார். சிரிப்பை அடக்குகிறார் என்பது பிறகுதான் புரிந்தது. "வீட்ல வேலையப் பத்திப் பேசாம இருக்க முடியுமாம்மா?"

"என்னால முடியும் சார். எங்க அம்மாவாலதான்…"

கடைசியில் தவித்தது நான்தான். அம்மா வாயையே திறக்கவில்லை. "இன்னைக்கு எப்டிம்மா இருந்துச்சி?" என்று சும்மா கேட்டால்கூட, "செக்ரே புரொஃபெஸியொனெல்" என்பாள். தொழில் ரகசியம் என்று அர்த்தம். சொல்லிவிட்டு ரசத்துக்குத் தாளிக்கப் போய்விடுவாள். தினமும் ஒரே ஸ்கூட்டியில்தான் போனோம். முத்தியால்பேட்டையிலிருந்து கிளம்பி அவளை லாஸ்பேட்டையில் இறக்கிவிட்டு நான் கோரிமேட்டுப் பக்கம் போவேன். வழி முழுக்கப் புடவை, பக்கத்து வீட்டுச் சண்டை, கத்தரிக்காய் என்று எல்லாம் பேசுவோம். வேலை மட்டும் கிடையாது.

வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் யுத்தம் நடந்தது. திறந்ததும் வரும் முதல் பக்கமாக அம்மா ராத்திரி தன் கம்பெனியை வைப்பாள். காலையில் நான் என் கம்பெனியை வைப்பேன். அப்பாவுக்கு மின்துறையில் வேலை. வீட்டில் கரண்ட் போனால் எங்கள் இரண்டு பேரிடமும் திட்டு வாங்குபவர். "கிரிக்கெட் ஸ்கோர் எதுல தட்டினா வரும், யாராவது ஒருத்தர் சொல்லுங்க," என்று கெஞ்சுவார். இரண்டு பக்கமிருந்தும் இரண்டு பதில் ஒரே நேரத்தில் பாயும். அவர் எழுந்து போய் டிவியைப் போட்டுவிடுவார்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. ஒரு நாள் காலையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "ஏம்மா, உங்க ரெண்டு கம்பெனியும் ஒண்ணா சேந்துடுச்சி போலருக்கே?" என்றார்.

அம்மா காபி டம்ளரோடு ஓடிவந்தாள். நான் வாயில் பிரஷ்ஷோடு ஓடினேன். மூன்று தலைகளும் ஒரே பேப்பருக்குள். இந்த இரண்டையும்விடப் பல மடங்கு பெரிதாக மூன்றாவது கம்பெனி ஒன்று வளர்ந்து நின்றது. தனித்தனியாக அதோடு மோத முடியாமல் இரண்டும் கூட்டுச் சேர்ந்திருந்தன. இனி அம்மாவின் கம்பெனி சொந்தமாகத் தேடாது. அதன் பக்கத்தில் போய்த் தட்டினாலும் உள்ளே இருந்து தேடித் தருவது என் கம்பெனிதான். மெயிலிலும் செய்தியிலும் மட்டும் பழையபடியே போட்டி.

அம்மா இரண்டு முறை படித்தாள். "அதாவது, ஓட்டல் போர்டு எங்களுது. சமையல் உங்களுது."

"அப்டித்தாம்மா."

"அப்போ இனிமே பேசலாமா?"

"எதப் பத்தி?"

"வேலையப் பத்திதான்டி!"

யாரிடமும் அனுமதி கேட்கத் தோன்றவில்லை. இரண்டு வருஷத்துப் பேச்சு ஒரே நேரத்தில் வெளியே வந்தது. அவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்க, நான் நடுவில் புக, அவள் என் வாயைப் பொத்த, நான் அவள் கையை விலக்க, யார் என்ன சொல்கிறோம் என்பதே தெரியவில்லை. 'அவொக்கா' என்ற வார்த்தையில் வந்து இரண்டு பேரும் முட்டிக்கொண்டோம். பிரெஞ்சில் வக்கீலுக்கும் அதுதான் பெயர், பட்டர் ஃப்ரூட்டுக்கும் அதுதான் பெயர்.

"நான் வக்கீலுக்கு ஃபுல் மார்க் போட்டேம்மா. பழத்துக்குச் சைபர்."

"சைபரா? அடிப்பாவி! பசியில தேடுறவன் வக்கீல வெச்சிக்கினு என்னா பண்ணுவான்? உப்பு மொளகா போட்டுத் தின்னுவானா?"

எனக்குச் சிரிப்பில் பற்பசை புரையேறியது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காபி முழுக்கப் பேப்பர் மேல் கொட்டியது. அப்பா ஈரப் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஸ்போர்ட்ஸ் பக்கத்தையாவது விட்டு வெச்சிருக்கலாம்," என்றார். அன்று இரண்டு பேருமே வேலைக்குத் தாமதம்.

சாயங்காலம் லாஸ்பேட்டை வாசலில் அம்மா கையில் தன் காபிக் கோப்பையோடு நின்றிருந்தாள். அவர்கள் அலுவலகத்தை மூடப்போகிறார்களாம். தேடாத கம்பெனிக்கு மார்க் போடுபவர்கள் எதற்கு? காலையில் சிரித்த சிரிப்பில் இது எனக்கு உறைக்கவே இல்லை. அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷம் ஒரு எடத்துக்குப் போயி வந்தேன்டி. அங்க நான் யாருக்கும் அம்மா இல்ல, யாருக்கும் பொண்டாட்டி இல்ல. நல்லா இருந்துச்சி," என்றாள். நான் ஹாரன் அடித்தேன். எதிரே வண்டி எதுவும் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து எங்கள் மேனேஜர் கூப்பிட்டார். கூட்டு நடைமுறைக்கு வருவதற்கு முன் இரண்டு கம்பெனிகளின் விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டுமாம். அதற்கு லாஸ்பேட்டை அலுவலகத்திலிருந்து சிலரை எடுப்பார்கள், பரீட்சை எங்கள் அலுவலகத்திலேயே. "நீங்க அந்தப் பக்கமே வரக் கூடாது," என்றார். நான் போகவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று நகத்தைக் கடித்தேன். எல்லோரும் எழுதி முடித்து எழுந்த பிறகும் அம்மா எழுதிக்கொண்டேயிருந்தாள். இரண்டு முறை கையை உயர்த்திக் கூடுதல் தாள் வாங்கினாள்.

அதில் ஒரு கேள்வியை மேனேஜர் பிறகு எனக்குக் காட்டினார். யாரோ ஒருவர், 'என் மகள் என்னோடு பேசுவதில்லை' என்று பிரெஞ்சில் தட்டித் தேடியிருக்கிறார். ஒரு கம்பெனி முதலில் மனநல மருத்துவர்களைக் காட்டியது, இன்னொன்று புத்தகக் கடைகளை. எது மேல் என்று கேட்டிருந்தார்கள். அம்மா இரண்டையும் அடித்துவிட்டு எழுதியிருந்தாள்: 'இவள் டாக்டரைத் தேடவில்லை. இன்னொரு அம்மாவைத் தேடுகிறாள். தாய்மார்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் பக்கம் பதினொன்றாவதாகக் கிடக்கிறது. அதை மேலே கொண்டு வாருங்கள்.'

வீட்டுக்குப் போனதும் அவளைக் கட்டிக்கொண்டேன். "தள்ளு. அது நான் தேடுனதுன்னு நெனச்சிக்காத," என்றாள். "நீதான் வாய மூடவே மாட்டியே."

அடுத்த திங்கட்கிழமை அவள் எனக்கு அடுத்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அலுவலகத்தில் என்னை "மத்மொசேல்" என்றுதான் கூப்பிட்டாள், செல்வி என்பதற்குப் பிரெஞ்சு. வீட்டில் 'சனியனே' என்று கூப்பிடும் அதே வாய். முதல் நாளே, ஒருவர் வேலையை இன்னொருவர் சரிபார்க்கும் முறையில் என் தாளைத் திருத்தி, மூன்று மார்க் குறைத்து, "மன்னிக்கணும் மத்மொசேல்," என்று நீட்டினாள். அறை முழுக்கச் சிரித்தது.

வாரம் ஒரு நாள் இரண்டு கம்பெனிகளிலிருந்தும் ஒவ்வொருவர் போனில் வருவார்கள். "முதல்ல நீங்க சொல்லுங்க," "இல்ல இல்ல, நீங்க சொல்லுங்க," என்று நிச்சயதார்த்தத்தில் சந்தித்த சம்பந்திகள் மாதிரி ஆங்கிலத்தில் உபசரித்துக்கொள்வார்கள். தன் மெயிலைப் பற்றி ஒருவர் வாய் தவறி ஏதோ ஆரம்பித்தால், மற்றவர் பலமாக இருமுவார். அம்மா போனின் ஊமைப் பொத்தானை அழுத்திவிட்டு மேஜைக்கடியில் குனிந்து சிரிப்பாள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை எங்களுக்குள் சண்டை வந்தது. தேடல் வார்த்தை 'கிளாஸ்'. பிரெஞ்சில் அது ஐஸ்கிரீமும் ஆகும், முகம் பார்க்கும் கண்ணாடியும் ஆகும். வெயில் காலத்தில் ஐஸ்கிரீம்தான் என்றேன் நான். பொண்ணுங்களுக்கு எல்லாக் காலத்திலும் கண்ணாடி வேண்டும் என்றாள் அவள். படியிறங்கும்போதும் சண்டை, ஸ்கூட்டியில் ஏறியும் சண்டை. காற்றில் கேட்காததால் கத்திக் கத்திப் பேசினோம். முத்தியால்பேட்டைத் திருப்பம் எப்போது போனது என்று தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் நல்ல காற்று முகத்தில் அடித்ததுகூடச் சண்டையின் உற்சாகம் என்றே நினைத்தேன்.

"ஏய், நிறுத்து. இது எந்த ஊருடி?"

கனகசெட்டிக்குளம். ஒரு மரத்தடியில் நாலு பேர் வலையைப் பிரித்துச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு. பாண்டிச்சேரியே முடிகிற இடத்துக்கு வந்திருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், அவ்வளவுதான். வண்டியை ஸ்டாண்டு போடக்கூட முடியாமல் சிரித்தோம். வலைக்காரர்களில் ஒருவர், "என்னாம்மா, வழி தப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

அம்மாவின் செல் அடித்தது. அப்பா.

"மீட்டிங்ல இருக்கோம்ங்க," என்று சொல்லி அம்மா வைத்துவிட்டாள். சாலையோரக் கடையில் இரண்டு டீ சொன்னாள். பெஞ்சில் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்து, கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

"சரி. அந்தக் 'கிளாஸ்'ல மூணாவதா வந்த பக்கத்துக்கு என்னா மார்க் போட்ட? மறைக்காம சொல்லு."