கால்வாய்க்குள் இறங்கி வந்த பதில்

என் கணவர் கிறிஸ்துதாஸ் பர்மாச் சண்டையிலிருந்து உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தார். அதற்காக சபையில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தார்கள். கொஞ்ச நாளில் அதே சபையார் அவரைக் கண்டால் வழி மாறிப் போனார்கள்.

அது 1947. தோவாளைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. தென்னையிலிருந்து ஒரு மட்டை விழுந்தால் போதும், மனிதர் தரையில் குப்புற விழுந்துவிடுவார். தூக்கம் கிடையாது. தூங்குவதற்காகக் குடித்தார். பிறகு குடிக்காமல் இருக்கவே முடியவில்லை. நான் லேஸ் பின்னித்தான் அடுப்பு எரிந்தது.

யோசனை சொல்ல மட்டும் ஆளுக்குக் குறைவில்லை. "நீ சரியா இருந்தா அவன் என்னத்துக்குக் குடிக்கான்?" என்றார் மாமியார். பக்கத்து வீட்டில் மந்திரித்த கயிறு கட்டச் சொன்னார்கள். நாகர்கோவிலில் ஒரு டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாத மனிதரா கட்டிலுக்கு அடியில் போய்ப் படுக்கிறார்? போதகர் வந்து, "விசுவாசத்தோடே ஜெபி, மகளே" என்றார். நான் வேறு என்ன செய்துகொண்டிருந்தேன்?

சபையில் சாட்சி சொல்கிறவர்கள், ஜெபித்தேன், அந்த நிமிஷமே கிடைத்தது என்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

1949 கிறிஸ்துமஸ். ஆராதனை முடியும் நேரம் வெளியே பட்டாசு வெடித்தார்கள். என் கணவர் பெஞ்சைத் தள்ளிவிட்டு ஓடினார். வயலோரத்துக் கால்வாயில் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் தலையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கரையில் கூட்டம். சிலர் சிரித்தார்கள். நான் அங்கேயே கண்ணை மூடினேன். 'ஆண்டவரே, கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இனிமேல் கேட்க மாட்டேன். உமக்கு மனமிருந்தால் செய்யும்.' அவ்வளவுதான் என் ஜெபம்.

கண்ணைத் திறந்தபோது, ஒருவர் பூக்கூடையைக் கரையில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். தோவாளையில் பிச்சிப்பூத் தோட்டம் வைத்திருக்கும் நல்லபெருமாள். கிறிஸ்தவர் அல்ல, அய்யாவழிக்காரர், நெற்றியில் நாமம். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். அவர் என் கணவரைப் பிடித்து இழுக்கவில்லை. பக்கத்தில் அதேபோலக் குனிந்து உட்கார்ந்தார்.

"மேல பிளேன் ஒண்ணும் இல்லலே. நான் பாத்துட்டுதான் வந்தேன். மெதுவா வா மக்கா, நான் இருக்கேன்."

வெகுநேரம் கழித்து இருவரும் ஏறி வந்தார்கள். "தங்கச்சி, ரெண்டு பேருக்கும் சூடா சாயா போடு. எனக்கு இனிப்பு கூட வேணும்" என்றார்.

தேவதூதனை எதிர்பார்த்தவளுக்கு வந்து சேர்ந்தவர் இவர். உள்ளதைச் சொன்னால் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஓயாமல் பேசுவார். சாப்பாட்டு நேரம் பார்த்து வருவார். குடிக்காதே என்று மட்டும் சொல்லவே மாட்டார்.

"அண்ணாச்சி, நீங்களாவது நிறுத்தச் சொல்லப்பிடாதா?"

"சொன்னா நிக்குமா? நான் குடிச்சப்ப எனக்கு எத்தன பேரு சொன்னாவ தெரியுமா? குடிக்கணும்னு தோணினா என்கிட்ட வரட்டு. தூக்கம் வராட்டாலும் வரட்டு. பூ எடுக்க எனக்கு ஆளு வேணும்."

பிச்சி மொட்டை விடியுமுன் பறிக்க வேண்டும். என் கணவர் பயந்து விழித்துக் கிடந்த நேரம்தான் அங்கே வேலை நேரம். போகத் தொடங்கினார். இன்னும் சில பழைய பட்டாளத்துக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். பூ சந்தைக்குப் போனபின் புளியமரத்தடியில் உட்கார்ந்து, வீட்டில் பேசாததையெல்லாம் பேசினார்கள்.

உடனே மாறிவிடவில்லை. ஈஸ்டருக்கு முந்தின வாரம் மறுபடி சாராய வாடையோடு வந்து நின்றார். நான் தோட்டத்துக்கே போய் அண்ணாச்சியிடம் கத்தினேன். "விழுந்துட்டான், செரி. நாளைக்கும் பூ பூக்கும். வரச் சொல்லு" என்றார். கர்த்தர் ஏன் இப்படி அரைகுறையாகத் தருகிறார் என்று நான் அழுத நாட்கள் உண்டு. இதற்கு நடுவில், அய்யாவழிக்காரர் வீட்டுக்கு வருகிறாரே என்று சபையில் முணுமுணுப்பு வேறு. கால்வாயில் இறங்கினது யார் என்று கேட்டேன். அதோடு பேச்சை விட்டார்கள்.

1951 மழைக்காலத்தில் ஒரு மத்தியானம். நான் லேஸ் பின்னிக்கொண்டிருந்தேன். என் கணவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஞானம், சண்டையில குருசுமுத்துன்னு ஒருத்தன் என் பக்கத்துல நின்னான். நான் தண்ணி எடுக்கப் போனேன். திரும்பி வந்தப்ப அவன் இல்ல." என் மடியிலிருந்த லேஸை எடுத்து ஓரமாக வைத்தார். "அவனுக்காக ஒரு ஜெபம் பண்ணுவியா?"

செத்தவர்களுக்காக ஜெபிப்பது நம் சபையில் வழக்கமில்லை. எனக்குத் தயக்கமாக இருந்தது. பிறகு அவனுடைய தாய்க்காக ஜெபித்தேன். என் கணவர் பக்கத்தில் முழங்கால் போட்டார். சண்டைக்குப் போய் வந்தபின் அவர் ஆமென் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை. இப்போது 1955. இன்றைக்கும் சத்தம் கேட்டால் திடுக்கிடுவார். ஆனால் ஓடுவதில்லை, என் கையைப் பிடித்துக்கொள்வார். போன மாதம் கொட்டாரத்திலிருந்து ஒரு பெண் தன் தம்பியைக் கூட்டி வந்தாள். அவனும் பட்டாளத்திலிருந்து வந்து குடிக்கிறவன். "நீ பூ எடுக்க வரியா?" என்று என் கணவரே அவனிடம் கேட்டார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் மறைத்து வைக்காதீர்கள். கோபம் வந்தால் கோபத்தோடே ஜெபியுங்கள். கர்த்தர் தாங்குவார், என்னையே தாங்கினார். பாதிவழியில் உங்கள் ஆள் மறுபடி விழுந்தாலும் விட்டுவிடாதீர்கள். எங்களிடம் அழைத்து வாருங்கள். வீட்டுக்கு வழி தோவாளையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.