சரசுவின் பதிலை இடம் மாற்றியவர்கள்

சரசுவை யாருக்கும் பிடிக்காது. எனக்கும்தான். குழாயடியில் சண்டை, ரேஷன் கடையில் சண்டை, பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரோடு சண்டை. மர்பி டவுனில் எங்கள் தெருவே அவளைக் கண்டால் ஒதுங்கிப் போகும். அடுகோடியில் டிபன் பாக்ஸ் மூடி அடிக்கும் பட்டறையில் பதினாறு வருடமாக, தகட்டை அழுத்தி மூடியாக்கும் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் அங்கே பேக்கிங்கில் இருந்தேன்.

2002இல் எங்களோடு வேலை செய்த காந்தாவின் இரண்டு விரல்கள் பிரஸ்ஸில் போயின. கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பி அன்று மெஷினில் இல்லை. வேலை வேகமாக ஓடட்டும் என்று மேனேஜர் பாலசுப்ரமணியன்தான் அதைக் கழற்றச் சொன்னார் என்று சரசு லேபர் ஆபீஸுக்கு மனு எழுதிப் போட்டாள். கழற்றியதே சரசுதான் என்றார் அவர். காந்தா அவரை நம்பினாள். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தவர் அவராயிற்றே! சரசுவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். எங்களுக்கு மேனேஜர் மேல் சந்தேகம் இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. கோழைகள்.

அங்கிருந்து விசாரிக்க சுந்தரராமன் என்ற அதிகாரி வந்தார். மேனேஜர் அறையில் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்தார்கள். மனு போன பிறகு சரசுவோடு பேசியதை மேனேஜர் திருட்டுத்தனமாக டேப்பில் பிடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் ராகேஷ் அதை ஓட விட்டான்.

"கம்பியக் கழட்டினது யாரு?" மேனேஜரின் குரல்.

"நான்தான். அதுக்கு இன்னா இப்போ?" சரசுவேதான். அந்தத் திமிர் வேறு யாருக்கு வரும்?

காந்தா கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, "பாவி" என்றாள். சரசுவின் வேலை போனது என்று நினைத்தேன். பழியும் அவள் தலையில்தான்.

"இன்னொரு வாட்டி போடு" என்றாள் சரசு. இந்த முறை பேச்சை விட்டுவிட்டு, டேப்பில் பின்னணியில் கேட்ட சத்தத்துக்கு மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தானாக ஓடும் பெரிய பிரஸ்ஸின் சத்தம் அது. கேள்வி முடிந்து பதில் வரும் இடத்தில் அவள் விரல் தடுக்கி நின்றது.

"சார், அந்த பிரஸ் ஒரே சீரா அடிக்கும். இங்க மட்டும் ரெண்டு அடி ஒட்டிக்கினு வருது. நடுவுல வெட்டியிருக்காங்க."

"உளறாதே" என்றார் மேனேஜர்.

மூன்றாம் முறை ஓடியபோது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. தினமும் எட்டு மணி நேரம் அந்தச் சத்தத்தில் கிடக்கிறவர்கள் நாங்கள். முதல் முறையே கேட்டிருக்க வேண்டும்.

அதிகாரி எழுந்து போய் ஸ்க்ரீனைப் பார்த்தார். மேலே துண்டு துண்டாகக் கட்டங்கள். கீழே ஒரே நீளமாக ஒன்று. "இது என்னப்பா?"

"அது முழு ரெக்கார்டிங் சார். சத்தத்த மட்டும் நிறுத்தி வெச்சிருக்கேன்" என்று ராகேஷ் யோசிக்காமல் சொல்லிவிட்டான். மேனேஜர் பல்லைக் கடித்தார்.

"அதைப் போடு."

"மனு எழுதிப் போட்டது யாரு?" மறுபடி டேப்பில் மேனேஜரின் குரல்.

"நான்தான். அதுக்கு இன்னா இப்போ?"

"கம்பியக் கழட்டினது யாரு?"

"கழட்டச் சொன்னதே நீங்கதானே சார்!"

"ஆமா, சொன்னேன். வேலை ஆக வேணாமா? ரெண்டு விரல் போனதுக்கு இவ்ளோ ஆட்டமா?"

வேண்டாததை வெட்டிவிடலாம் என்ற தைரியத்தில் மனுஷன் எதை வேண்டுமானாலும் பேசியிருக்கிறார். அதிகாரி அசல் டேப்பையும் கேட்டு வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். ஒரு மாதத்தில் மேனேஜரை வெளியே அனுப்பினார்கள்.

விசாரணை நடந்த அன்று மாலை கேட் அருகே காந்தா அழுதுகொண்டே சரசுவின் கையைப் பிடித்தாள். "தப்புப் பண்ணிட்டேன்க்கா."

சரசு உதறினாள். "ஆஸ்பத்திரியில உன் கட்டில் பக்கத்துல நின்னு சொன்னேன், நான் இல்லடின்னு. மூஞ்சத் திருப்பிக்கினே. இப்போ கம்ப்யூட்டர் சொன்னதும் அக்காவா? போடி."

பிறகு என்னைப் பார்த்தாள். "அவளாச்சும் தெரியாம பேசினா. நீ தெரிஞ்சுக்கினே சும்மா நின்னே."

அப்போதும் நான் சும்மாதான் நின்றேன்.