மில்லக்காவின் காது இரைச்சல்

மாவு மில்லில் இருபத்திரண்டு வருஷம் நின்றதால் தெருவே அவரை மில்லக்கா என்றுதான் கூப்பிட்டது. மெஷின் ஓடும்போது எதிரே நிற்பவரின் வாயசைவை வைத்தே, நைசாகவா கொரகொரப்பாகவா என்று தெரிந்துகொள்வார். ஒருநாள் மதியம் மெஷினை நிறுத்திய பிறகும் இரண்டு காதிலும் ‘கொய்ங்’ என்று ஒரு சத்தம் நிற்கவில்லை. வருஷம் திரும்பியும் நிற்கவில்லை.

சத்தத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம், யோசனை சொல்ல வந்தவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. நாத்தனார் பூண்டைப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றிவிட்டுப் போனதில் காது புண்ணாகிப் போனது. கொழுந்தன் ஃபோனில் பார்த்த காந்தப் பட்டையை வாங்கிவந்து மணிக்கட்டில் கட்டிவிட்டார். கணவரோ, வயசானால் எல்லோருக்கும் வருவதுதான் என்று ஒரே வாக்கியத்தில் கேஸை மூடினார்.

கடைசியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனார். சோதித்துப் பார்த்ததில் கீச்சென்ற ஒலிகள் இவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. எல்லாம் மெஷின் செய்த வேலை. அடியோடு போக்கும் மாத்திரை எதுவும் கிடையாது, காது கேட்கும் கருவியும் ஒலிப் பயிற்சியும் உதவலாம், மனம் சோர்ந்தால் அதற்கும் ஆலோசனை உண்டு என்றார் டாக்டர். கருவியைப் பொருத்திய பெண், அதிலிருந்து மழை பெய்வதுபோல் மெல்லிய ஓசை வரும் என்று சொன்னதும் மில்லக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏம்மா, ஒரு சத்தமே தாங்கலன்னுதான் வந்தேன். நீ இன்னொண்ணத் தூக்கி மாட்டுறியே?”

மாட்டியதுதான் மாட்டினோம், அந்தக் கொய்ங்கை ஒரு கை பார்த்துவிடுவோம் என்று வீட்டில் மழையை முழு அளவுக்கு ஏற்றினார். மூன்றாம் நாள் தலை வெடித்தது. கருவியைக் கழற்றினால் கொய்ங் முன்னைவிடப் பலமாகக் கேட்டது. நேரே போய் அந்தப் பெண்ணின் மேஜைமேல் வைத்து, “இந்தா, நீயே வச்சுக்க” என்றார்.

அவள் அளவைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: “இது அமுக்குறதுக்கு இல்லக்கா. கொய்ங்கும் கேக்கணும், இதுவும் லேசா கேக்கணும். போகப்போக மூளை அதக் கண்டுக்காம விட்டுரும்.”

“எத்தன நாளு?”

“மாசக்கணக்குல ஆகும்.”

முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார். மில்லில் காதுக் கவசமும் போட்டார். வந்தவர்கள் கவசத்தைப் பார்த்துக் கத்தியதில் வாயசைவும் பிடிபடாமல் போகவே, நைசுக்கு ஒரு விரல், கொரகொரப்புக்கு இரண்டு விரல் என்று சட்டம் போட்டார்.

ஐந்தாம் மாதம் ஒரு மதியம், மெஷின் நின்றிருந்த நேரம். மாவு வாங்க வந்த டீச்சர் அக்கறையாக, “காது இப்ப எப்படிங்க இருக்கு?” என்று கேட்டார். அவ்வளவுதான், கொய்ங் வந்து உட்கார்ந்துகொண்டது.

“காலைலேர்ந்து அந்த நெனப்பே இல்லாம இருந்தேன், டீச்சர். எதுக்கு இப்பக் கேட்டீங்க?”

டீச்சர் போன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. அடுத்த முறை அந்தப் பெண்ணிடம் போனபோது, ஐந்து மணி நேரம்தான் மறந்திருக்க முடிந்தது என்று புகார் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாள்.