ஓர்ப்படி வீட்டுத் தண்ணீர்

என் வீட்டுக்காரர் காலையில் பல் விளக்கியதும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் ஏறி நடப்பார். எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. தம்பி வீட்டுக்கு டீ குடிக்கப் போகிறார். என் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும். ஏலக்காய் தட்டி வைத்திருப்பேன். மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் போர்வெல் தண்ணீரில் இரும்பு. டீத்தூளைப் போட்டதும் சட்டியில் மை கரைத்தது போல ஆகிவிடும். பாலை ஊற்றினால் சாம்பல் நிறம். குடிக்கிறவர் முகத்தை நான் பார்ப்பேன், அவர் டம்ளரைப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் என் சாம்பார் உப்புக் கரித்தபோதுகூடத் தட்டை வழித்துச் சாப்பிட்ட மனிதர் அவர். அந்த மனிதர் விடிந்ததும் என் ஓர்ப்படி கையால் டீ வாங்கிக் குடிக்கிறார் என்றால், எனக்கு எப்படி இருக்கும்? ஓர்ப்படி என்றால் என் கொழுந்தனின் மனைவி. என்னைவிட வயதில் சிறியவள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அந்த அக்காவில் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

திண்டிவனத்தில் பஸ் ஏறி ஒலக்கூர் போகும் வழியில் இறங்கி, கழனி வழியாக உள்ளே நடந்தால் எங்கள் இரண்டு வீடும் வரும். மாமனார் காலம் வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அண்ணனும் தம்பியும் வெளியில் வேலை பார்த்துச் சேர்த்து, ஒன்றாக இந்த நிலத்தை வாங்கி, ஆளுக்கொரு வீடு கட்டினார்கள். கரண்ட் மட்டும் வரவில்லை. கம்பி வரவேண்டிய வழியில் ஒருவருக்கு நிலம் இருக்கிறது. "என் தலைக்கு மேல கம்பி போனா என் தூக்கம் போயிடும்" என்றார் அவர். அப்படிச் சொன்னவரிடம் யார் என்ன பேச? ஆகவே இரண்டு மாடியிலும் சோலார் தகடு. விளக்குக்கும் ஃபேனுக்கும் பேட்டரி உண்டு. மோட்டாருக்குக் கிடையாது, நேராக வெயிலில்தான் ஓடும். வெயில் ஏறினால் தண்ணீர் ஏறும். மேகம் வந்தால் மோட்டார் மூச்சு வாங்கும். தொட்டியில் இருப்பதை வைத்து அன்றைய பொழுதை ஓட்டவேண்டும்.

இரண்டு போருக்கும் ஒரே ஆள்தான் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தார். ஒரே லாரி வந்து துளை போட்டது. ஆனால் அவளுக்கு நல்ல ஊற்று, எனக்குத் துரு. தேங்காய்க்காரருக்கு அன்றைக்கு அவள் மீன் குழம்பு போட்டாள், நான் ரசம்தான் ஊற்றினேன். அதுதான் வித்தியாசம் என்று நான் மனதில் எழுதி வைத்துவிட்டேன்.

அப்புறம் என் கண்ணுக்கு எல்லாம் அதுவாகவே தெரிந்தது. அவள் வடிக்கும் சோறு மல்லிகைப்பூ. கொழுந்தன் மாதா கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போகும் வேட்டி கொக்கு. என் வீட்டு வேட்டியோ பழைய பேப்பர். எங்கள் பக்கம் காய்கறிக் கூடை தூக்கி வரும் அம்மா ஒருநாள் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, உன் வூட்டுச் சோறு மஞ்சத் தேச்சிக் குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்குது?" என்றாள். இப்படிப் பேசுகிறவர்கள் கிடைத்தால் நான் விடுவதில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, இன்னும் நாலு வார்த்தை பிடுங்கிக்கொண்டுதான் அனுப்புவேன். அன்றைக்கு மட்டும் அவளுக்கு மோர்கூட ஊற்றவில்லை.

"வேற எடத்துல ஒரு போர் போடுங்க" என்று வீட்டுக்காரரை அரித்துக்கொண்டே இருந்தேன். "எங்க போடறது?" என்பார். "உங்க தம்பி வூட்டு ஊத்து போற வழியா பார்த்து, மல்லாட்டைக் கொல்லையில போடுங்க" என்று கடலை விதைத்த பக்கத்தைக் காட்டுவேன். "பூமிக்குள்ள ஊத்து எந்தப் பக்கம் போவுதுன்னு உனக்கு யாரு போன் பண்ணிச் சொன்னது?" என்று கேட்டுவிட்டு வரப்பேறிப் போய்விடுவார், டீ குடிக்க.

இப்படி இருக்கும்போது கோலியனூரில் அவள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். குடும்பத்தோடு கிளம்பியவள் கேட் சாவியை என்னிடம் கொடுத்தாள்.

"அக்கா, வெயில் வந்ததும் மோட்டார மட்டும் போட்டு உடுங்க. ஆட்டுக்குத் தண்ணி வைங்க. மேல கீல ஏறிடாதீங்க, ஏணி ஆடுது."

"நான் எதுக்கு உன் மாடிக்கு ஏறப்போறேன்?"

"இல்லக்கா, உழுந்து கிழுந்து வெச்சீங்கன்னா பேஜாரு. அதுக்குத்தான்."

மறுநாள் வெயில் ஏறியதும் போய் சுவிட்சைப் போட்டேன். ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். ஆனி மாதக் காற்று. தொட்டியின் மூடி எகிறி மாடியிலிருந்து உருண்டு, முருங்கை மரத்தடியில் வந்து விழுந்தது. திறந்த தொட்டியில் காக்கை இறங்கினால் அந்தப் பழியும் எனக்குத்தான் வரும். மூடியை எடுத்துக்கொண்டு ஏறினேன். ஏணி ஆடவே இல்லை. கல்லுப்போல நின்றது.

மேலே குழாய் தொட்டிக்குள், நின்ற தண்ணீருக்கு நல்ல உயரத்திலிருந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. பளிங்கு மாதிரி இருந்தது. அந்த நல்ல ஊற்றை ஒருவாய் குடித்துத்தான் பார்ப்போமே என்று கையை நீட்டி ஏந்திக் குடித்தேன்.

இரும்பு. பழைய சாவியை வாயில் வைத்தது போல அதே வாடை, அதே ருசி. இன்னொரு வாய் குடித்தேன். சந்தேகமே இல்லை. இத்தனை காலம் நான் பொறாமைப்பட்ட ஊற்று என் ஊற்றுதான்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். தொட்டியின் அடியில் செம்மண் போலத் துரு படிந்து கிடந்தது. அதற்கு மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. வீட்டுக்குப் போகும் குழாய் அடியில் இல்லை, கொஞ்சம் மேலே இருந்தது. குழாய் வாய்க்கு நேர்கீழே கறுப்புக் கயிற்றில் ஒரு வெள்ளைக் கல் தொங்கியது. தண்ணீர் அதன்மேல் விழுந்து தெறித்துக்கொண்டிருந்தது. தேய்ந்த சோப்புத் துண்டு போலிருந்தது அந்தக் கல்.

படிகாரம். கண் திருஷ்டிக்குக் கட்டுகிற படிகாரம்.

யார் கண்ணுக்கு என்று யோசிக்க எனக்கு நேரம் பிடிக்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் தெரிகிற வீடு என் வீடு ஒன்றுதான்.

மூடியை அழுத்திப் போட்டுவிட்டு இறங்கி வந்தேன். கோபம் ஒருபக்கம். இன்னொரு பக்கம், துப்பு கிடைத்த போலீஸ்காரர் போல ஒரு சுறுசுறுப்பு. என் வீட்டில் இரண்டு பாட்டிலை எடுத்து போர் தண்ணீர் பிடித்தேன். ஒன்றைக் காற்றே புகாமல் விளிம்பு வரை நிரப்பி மூடினேன். மற்றொன்றைப் பாதி நிரப்பி நன்றாகக் குலுக்கி, முகச்சவரப் பெட்டியில் இருந்த படிகாரத்தைச் சுரண்டிப் போட்டேன். மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்க்கிறேன், மூடிய பாட்டில் அதே இரும்பு வாடையோடு அப்படியே இருந்தது. குலுக்கிய பாட்டிலில் துருவெல்லாம் பஞ்சு பஞ்சாகத் திரண்டு அடியில் உட்கார்ந்திருந்தது. மேலே தெளிவு. காற்றுப் பட்டால் இரும்பு துருவாகிறது. படிகாரம் அந்தத் துருவைத் திரட்டி உட்காரவைக்கிறது.

என் தொட்டியில் ஏன் இது நடக்கவில்லை என்றும் புரிந்தது. மோட்டார் ஓடும்போது தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் வந்தவர்கள் பேசுவது கேட்கவில்லை என்று, குழாயைத் தொட்டியின் அடிவரை நீட்டி முக்கிவைக்கச் சொன்னவள் நான். தண்ணீருக்குக் காற்றே படவில்லை. அடியில் இருந்த கொஞ்சத் துருவையும் குழாய் கலக்கிக் கலக்கி என் சமையலுக்கு அனுப்பியது.

கல்யாணம் முடிந்து அவள் வந்ததும் சாவி கொடுக்கப் போனேன்.

"மூடி உழுந்துச்சு. மேல ஏறிப் போட்டேன்" என்றேன். "உன் ஏணி நல்லா கெட்டியா இருக்குதே."

அவள் முகம் ஒரு சுற்றுச் சுருங்கி விரிந்தது. "அப்படியாக்கா?"

"அந்தக் கல்லு யாருக்குக் கட்டிக்கினு இருக்கிற?"

"ஊர்க்கண்ணுக்குத்தாங்க்கா."

"இங்க ஊருன்னா நம்ம ரெண்டு வூடுதான? ஒண்ணு உன்னுது. மீதி இன்னா இருக்குது சொல்லு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபிறகு மறைக்க முடியுமா? "வர்றவங்க போறவங்கல்லாம் எங்க தண்ணியயே பேசறாங்களேன்னு பயம்க்கா. வாசல்ல கட்டலாம்னா, வூடு மந்திரிக்க வரும்போது ஃபாதர் பார்த்து, ஜெபத்துல நம்பிக்கை இல்லையாம்மான்னு கேப்பாரு. அதான் தொட்டியிலயே கட்டிட்டேன். அதுவும் நிக்கலக்கா! புதுக் கல்லு கட்டுனா கொஞ்ச நாள்ல கயிறுதான் மிச்சம். அப்பேர்ப்பட்ட கண்ணுடின்னு எங்க அம்மாவே பயந்துடுச்சி."

"மேல தண்ணி கொட்டிக்கினே இருந்தா படிகாரம் கரையாம பின்ன கிளையா உடும்?" என்றேன். பாட்டில் கதையை முழுதும் சொன்னேன். அவள் தண்ணீர் தெளிவது ஊற்றால் அல்ல, அந்தக் கல்லால் என்றும் சொன்னேன்.

அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு மாடியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"அப்போ உங்க கண்ணு இல்லன்னா எங்க வூட்ல நல்ல தண்ணி இல்லன்னு சொல்லுங்க."

என்ன பேச்சு! அந்த வார்த்தை எனக்கு அல்லவா வந்திருக்க வேண்டும்? தண்ணீர் போதாது என்று அதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

"போடி இவளே" என்று திரும்பினேன்.

"இருங்க்கா, ஒண்ணு கேக்கறேன்" என்றாள். குரல் மாறியிருந்தது. "டீ குடிக்கத்தான் இங்க வர்றாங்க. குடிச்சிட்டு ஒருத்தராவது உக்காருறாங்களா? உங்க வூட்டாண்ட சிரிப்புச் சத்தம் கேட்டா டம்ளர அப்படியே வெச்சிட்டு ஓடறாங்க. உங்க கொழுந்தன்கூடத்தான். நான் மட்டும் இங்க டம்ளர் கழுவிக்கினு நிக்கறேன். அதுக்கு எந்தக் கல்லுக்கா கட்டறது?"

சாவியை அவள் கையில் வைத்துவிட்டு நடந்தேன். வரப்பில் பாதி தூரம் வந்தபிறகு மனசுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. இவளுக்கும் என்மேல் பொறாமை இருக்கிறது!

அடுத்த நாளே திண்டிவனம் போனேன். நாட்டுமருந்துக் கடைக்காரர், "சவரத்துக்கா, திருஷ்டிக்காம்மா?" என்று கேட்டார். "ரெண்டுக்கும் இல்லீங்க, டீக்கு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பொட்டலம் கட்டினார். அவள் கல்லைவிடப் பெரிய கல்லாகத்தான் கேட்டு வாங்கினேன். அதில் சமாதானம் ஏது? வீட்டுக்காரரை வைத்து, முக்கிவைத்த குழாயை உயரத்தில் வெட்டி, வீட்டுக்கு இறங்கும் குழாயையும் அடியிலிருந்து மேலே ஏற்றினேன். அடியில் கிடந்த துருவைக் கழுவிவிட்டோம். கல்லைக் கறுப்புக் கயிற்றிலேயே கட்டினேன்.

மறுநாள் காலையில் டீ போட்டால், பால் திரிந்துவிட்டது. தண்ணீரை வாயில் வைத்தேன். நாக்கு சுருங்கும் அளவுக்குத் துவர்ப்பு. அவர் சட்டியை எட்டிப் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

பெரிய கல்லை உடைத்தேன். ஒரு நெல்லிக்காய் அளவு மட்டும் கட்டி, தண்ணீர் நேராக விழாமல் ஓரமாகத் தெறிக்கும்படி நகர்த்தினேன். மதியம் ஏற்றிய தண்ணீரைக் கலக்காமல் மறுநாள் காலை வரை நிற்கவிட்டு, பிறகு பிடித்தேன். டீத்தூள் போட்டேன். சிவப்பாக இறங்கியது. பாலை ஊற்றினேன். என் வீட்டில் டீ நிறத்தில் ஒரு டீ!

அவர் வரப்புக்குக் கிளம்புமுன் கையில் டம்ளரைத் திணித்தேன். நின்றபடியே ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். உட்கார்ந்தார். முகம் மலர்ந்தது.

"அடேயப்பா, அப்படியே தம்பி வூட்டு டீ மாதிரியே இருக்குது" என்றார்.

அந்த டம்ளரைப் பிடுங்கிக் கீழே ஊற்றாமல் இருந்ததற்கு எனக்கு யாராவது பரிசு தரவேண்டும்.

இப்போது அவர் பெரும்பாலும் வீட்டில்தான் குடிக்கிறார். தம்பியிடம் ஏதாவது பேசவேண்டும் என்று சாக்குச் சொல்லி எப்போதாவது வரப்பேறுவார். திரும்பி வந்தால் வாயில் டீ வாசனை அடிக்கிறதா என்று பார்ப்பேன். ஓர்ப்படியும் என் மாடிக்கு ஏறி என் கல்லைப் பார்த்துவிட்டுப் போனாள். "இது யாரு கண்ணுக்குக்கா?" என்றாள். "உன் கண்ணுக்குத்தான்" என்றேன். அதிலிருந்து தொட்டி கழுவும் நாளில் இரண்டு பேரும் கல்லைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்து வரப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் கல்லில் கண் அதிகம் பட்டிருக்கிறது என்று பார்ப்போம். தண்ணீர்தான் கரைக்கிறது என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

என் கல் அவளுடையதைவிட அதிகம் கரைந்து சிறுத்திருந்தால், அன்றைக்கு முழுதும் எனக்குச் சந்தோஷம்தான்.