பெரியவன் போட்ட மேடை

எட்டு வயதுவரை எங்கள் வீட்டில் நான் ஒரே பிள்ளை. சிவில் இன்ஜினியரிங் படிக்க ஊரிலிருந்து பெரியப்பா மகன் வந்து இறங்கினான். அன்றோடு என் ராஜ்ஜியம் போயிற்று. கல்கத்தாவில், கிடர்பூரில் இட்லிக்கடை வைத்திருந்த அப்பா, சாப்பிட வருகிறவர்களிடமெல்லாம் தன் ஓட்டை வங்காள மொழியில், எங்கள் பெரியவன் சிவில் படிக்கிறான் என்று பெருமையடிப்பார். அவன் பெரியவனானதும் நான் கேட்காமலே சின்னவளாகிவிட்டேன்.

பெஹாலாவில் மெட்ரோத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். ஸ்கூட்டரில் முன்னால் நான் நிற்க, அப்பா பின்னால் இருக்கும் அவனிடமே பேசிக்கொண்டு வருவார். மெட்ரோவில் சேரலாம், அலிப்பூரில் சர்க்கார் ஆபீசில் உட்காரலாம், பாலத்துக்கு வரைபடம் போடலாம், இல்லையென்றால் சொந்தமாகக் கான்ட்ராக்ட் எடுக்கலாம். ஒருத்தனுக்கு இத்தனை வேலையா? எனக்கென்று ஒன்றைக்கூட அப்பா யோசித்ததாகத் தெரியவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

அந்தக் கோடையில், கடைக்கு மாவு அரைக்கும் கிரைண்டரை வைக்க, வீட்டுப் பின்புறம் அவன் தன் கையாலேயே ஒரு காங்கிரீட் மேடை போட்டான். மறுநாளே காலேஜிலிருந்து பத்து நாள் சர்வே கேம்ப் கிளம்பிவிட்டான். அப்பாவோ வருகிறவர் போகிறவரையெல்லாம் கூட்டிப்போய் மேடையைக் காட்டினார்.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். வருஷா வருஷம் அத்தனை பெரிய துர்க்கையே கங்கையில் இறக்கினால் கரைந்துபோகிறாள். இந்த மேடை எம்மாத்திரம்? காலையில் நாலு வாளி, சாயங்காலம் நாலு வாளி. "கரைஞ்சு போ, கரைஞ்சு போ" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினேன். சனியன், ஓரம்கூட உதிரவில்லை.

அவன் திரும்பி வந்த அன்று, வீட்டுக்கார மாஷிமா அப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தொட்டித் தண்ணீர் தினமும் எங்கேதான் போகிறதாம்? மேடையைச் சுற்றிச் சேறு, என் பாவாடையெல்லாம் ஈரம். அப்பா கையை ஓங்கிவிட்டார்.

"யாரு ஒன்ன ஊத்தச் சொன்னா?"

அவன் மேடையை ஒரு கல்லால் தட்டிப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"நாந்தான் சித்தப்பா சொல்லிட்டுப் போனேன். தண்ணி ஊத்தலைன்னா காங்கிரீட்டு வெடிச்சிரும். பாப்பா ஒருநாள் விடாம ஊத்திருக்கா."

கிளம்பிய அவசரத்தில் அவன் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. ஓங்கிய கையாலேயே அப்பா என் தலையைத் தடவினார். பெரியவன் சொன்னதைச் சின்னவள் அப்படியே செய்தாள் என்று மறுநாள் கடையில் ஒரே பேச்சு. எனக்கு அழுகை முட்டியது. வாளி சுமந்தது நான். அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டானே! ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

கிரைண்டர் இன்றும் அந்த மேடையில்தான் ஓடுகிறது. யாராவது கேட்டால் நானும், எங்கள் பெரியவன் பாலம் கட்டுகிறான் என்றுதான் சொல்கிறேன். ஆனால் அன்று, ஓங்கிய கை ஏன் என் முதுகில் விழவில்லை என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.