கோழியும் கட்லட்டும் இல்லாத சஹன்

போன வருடம், நோன்புப் பெருநாள் முடிந்து சில வாரங்களில், மன்னார் உப்புக்குளத்தில் ஒரு கல்யாண வீட்டில் நடந்தது இது. கந்தோரில் என் பக்கத்து மேசையில் வேலை செய்யும் தோழியின் தங்கைக்குக் கல்யாணம். தோழி முஸ்லிம். நான் பேசாலையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். தங்கையின் கல்யாணத்துக்கு நான் வராமல் இருக்கக்கூடாது என்று அவள் பல நாள் சொல்லிவைத்திருந்தாள். எனக்கோ போகப் பயம். பயம் முழுவதும் சாப்பாட்டைப் பற்றியது.

எனக்குச் சீலியாக் நோய் இருக்கிறது. கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் உடம்புக்குள் போனால் சிறுகுடலின் உட்சுவர் பழுதாகும். பல வருடம் இரத்தச்சோகை, வயிற்றோட்டம், களைப்பு என்று ஒவ்வொரு வைத்தியரிடமாக அலைந்து, கடைசியில் குழாய் விட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். இதற்கு மாத்திரை கிடையாது. கோதுமையை ஆயுளுக்கும் விட வேண்டும். ஒரு துணிக்கையும் கூடாது என்றார் வைத்தியர்.

சோறு சாப்பிடும் ஊரில் இது என்ன பெரிய விஷயம் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகுதான் பார்க்கத் தொடங்கினேன். எங்கள் பக்கத்தில் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அரிசிமாவோடு அவித்த கோதுமை மாவையும் கலப்பார்கள். கடைப் பெருங்காயத்தூளில் கோதுமை மா இருக்கிறது. சோயா சோஸில் இருக்கிறது, சூப் கட்டியில் இருக்கிறது. பூசையில் தரும் நற்கருணை அப்பமும் கோதுமைதான். பங்குத்தந்தையிடம் நிலைமையைச் சொன்னதும் எனக்கென்று தனிக் கிண்ணத்தில் திராட்சை இரசம் ஒழுங்கு செய்து தந்தார். வீட்டில் எனக்கு மா அரிக்கத் தனி அரிதட்டு, தனிப் புட்டுக்குழல். ஒருமுறை கந்தோரில் பிரியாவிடை விருந்து வைத்தார்கள். மீன்பொரியல்தானே என்று எடுத்தேன். கோதுமை மாவில் சுற்றிய ரோல்ஸ் பொரித்த அதே எண்ணெயில் பொரித்த மீன். அந்தக் கிழமை ஏழு நாளும் படுக்கையில் கிடந்தேன்.

அதற்குப் பிறகு வெளியில் வாய் நனைப்பதையே விட்டுவிட்டேன். தோழியின் வீட்டுக்குப் பெருநாளுக்குப் போனபோதும் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்தேன். வயிற்று வருத்தம், கோதுமை ஆகாது என்று மேலோட்டமாகச் சொல்லியிருந்தேன். அவள் முகம் வாடியது எனக்குத் தெரிந்தது. அவர்களுடைய குடும்பம், யுத்த காலத்தில் தமிழ் இயக்கம் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது இடம்பெயர்ந்து, பல வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த குடும்பம். அப்படியொரு வீட்டில் தமிழர் ஒருவர் சாப்பாட்டைத் தொடாமல் எழும்பினால், அதற்கு எங்கள் ஊரில் வேறு அர்த்தமும் உண்டு. கல்யாணத்தன்றும் அப்படி எழும்பினால் எங்கள் சிநேகிதம் பழையபடி இருக்காது என்று தெரிந்துதான் போனேன். வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் புறப்பட்டேன்.

பெண்கள் பக்கத்துப் பந்தலில் பாய் விரித்து, மேலே வெள்ளைத்துணி போட்டிருந்தார்கள். முதலில் குளிர்பானமும் ரோல்ஸும் சமோசாவும் தட்டுத்தட்டாக வந்தன. நான் குளிர்பானத்தோடு நிறுத்திக்கொண்டேன். பிறகு தோழி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“சோறுதானே அக்கா, ஒரு கோதுமையும் இல்ல. வாங்கோ” என்று என்னை ஒரு வட்டத்தில் இருத்திவிட்டு, பரிமாற ஓடிவிட்டாள்.

அது சஹன் சாப்பாடு. பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, அதன்மேல் கறிகளை வைப்பார்கள். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் கையால் சாப்பிட வேண்டும். என்னோடு இருந்த ஐவரில் ஒருவர் தோழியின் சாச்சி, அதாவது சித்தி. பருத்த உடம்பு, உரத்த குரல். மற்றவர்களை நான் அதற்குமுன் கண்டதில்லை. அதில் ஒருத்தி கல்லூரிப் பருவத்துப் பெண், வாய்த்துடுக்கு.

மூடியைத் திறந்ததும் மஞ்சள் சோறு, பொரித்த கோழி, மாட்டிறைச்சிக் கறி, புளிப்பும் இனிப்புமாகக் கத்தரிக்காய் மோஜு. சுற்றிவர ஓரத்தில், ரஸ்க் தூளில் புரட்டிப் பொரித்த கட்லட்டுகள். ஒன்று உடைந்து அதன் தூள் சோற்றில் சிந்தியிருந்தது. ஐந்து பேரும் இறைவன் பெயரால் பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன் ரோல்ஸ் பிடித்த கைகள்.

சும்மா கை வைத்துப் பாசாங்கு செய்யலாமா என்று யோசித்தேன். சஹனில் அது நடக்காது. ஒவ்வொருவரும் தன் முன்னால் உள்ள சோற்றை உண்ண உண்ண அங்கே பள்ளம் விழும். என் பக்கம் மட்டும் மதில் மாதிரி நின்றது.

“என்ன மகள், கை வைக்காம இருக்கிறீங்கள்? நாங்க கடிக்கமாட்டம்” என்றார் சாச்சி.

“டயட்டாக்கும். எலும்பும் தோலுமா இருந்துகொண்டு இன்னும் எங்க மெலியப் போறாவாம்!” என்றாள் அந்தப் பெண். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சொன்னேன். கோதுமை ஆகாது, கட்லட் தூள் சோற்றில் விழுந்திருக்கிறது, எனக்குத் தனியாக ஒரு பீங்கான் தட்டில் கொஞ்சம் வெறுஞ்சோறு தந்தால் போதும் என்றேன்.

“அலர்ஜியோ?” என்று கேட்டார் சாச்சி.

“அதில்ல. உடன ஒண்டும் தெரியாது. உள்ளுக்குள்ள குடலைப் பழுதாக்கும்.”

“எவ்வளவு பட்டால்?”

“துணிக்கை பட்டாலும்தான்.”

சாச்சி தன் கையைத் திருப்பிப் பார்த்தார். அந்தக் கையில் ஒரு கவளம் இருந்தது. அதை வாய்க்குக் கொண்டுபோகாமல் தட்டிலேயே வைத்தார்.

“அப்ப எங்கட கையும் கூடாதே. எல்லாரும் கையை எடுங்கோ.”

எல்லோரும் எடுத்தார்கள். பசியோடு இருந்தவர்கள். பக்கத்துச் சஹன்களில் சாப்பாடு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது. தனிப் பீங்கான் போதும் என்று மறுபடி சொன்னேன்.

“தனிய இருந்து சாப்பிடவோ கல்யாண வீட்டுக்கு வந்தனீங்கள்? பேசாம இருங்கோ” என்றார் சாச்சி.

சஹன் திரும்பிப் போனது. பரிமாறிய பெண்ணிடம் நான் இரண்டு விஷயம் கேட்டேன்: கோழிக்குச் சோயா சோஸ் போட்டார்களா, இறைச்சிக் கறியில் என்னென்ன இருக்கிறது. அவள் பெண்கள் பக்கத்தை மறைத்திருந்த தட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்க, அப்பாலிருந்து சமையல்காரர் சத்தமாகப் பதில் சொன்னார். கோழிக்குச் சோஸ் ஊற்றியது உண்மை. கறிக்கு வீட்டில் இடித்த தூளும் தேங்காய்ப்பாலும்தான், சூப் கட்டி ஒன்றும் போடவில்லை. சோற்றுக்கும் அப்படித்தான்.

“அப்ப கோழி வேண்டாம். கட்லட் வேண்டாம். கரண்டி படாத சட்டியில இருந்து புதுக் கரண்டியால அள்ளச் சொல்லு” என்றார் சாச்சி.

“ஐயோ சாச்சி, கோழி இல்லாத கல்யாணச் சஹனோ!” என்று அந்தப் பெண் தலையில் கை வைத்தாள்.

“உன்ர கல்யாணத்துக்கு முழுக்கோழி தாறன், இப்ப கையைக் கழுவு.”

செம்பும் தாம்பாளமும் சவர்க்காரமும் வந்தன. தொழுகைக்குக் கழுவுவதுபோலக் கழுவச் சொன்னார் சாச்சி. தானே முன்மாதிரியாக விரலிடுக்கு, நகம், மோதிரத்தின் அடி எல்லாவற்றையும் தேய்த்தார். அந்தப் பெண் இரண்டு கையையும் என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

“பாஸோ பெயிலோ, அக்கா?”

“பாஸ்” என்றேன். அப்போதுதான் எனக்கும் சிரிப்பு வந்தது.

புதுச் சஹன் வந்து நாங்கள் தொடங்கியபோது மற்ற வட்டங்களில் வட்டிலப்பம் வந்துவிட்டது. சாச்சி இறைச்சித் துண்டுகளை என் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். மாதக்கணக்கில் என் வீட்டுச் சமையலைத் தவிர எதையும் சாப்பிடாதவள் நான். அன்று என் முன்னாலும் பள்ளம் விழுந்தது. முட்டையும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் மட்டும் சேர்ந்த வட்டிலப்பத்தையும் விடவில்லை.

அடுத்து வந்த நாட்களில் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. கிளினிக்கில் இதைச் சொன்னபோது வைத்தியர் அவ்வளவாக ரசிக்கவில்லை. பெரிய சமையலில் ஆபத்து எப்போதும் உண்டு, ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்றார். அது சரிதான். அதனால் இப்போது அழைப்பு வந்தவுடனே எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லிவிடுகிறேன்: எதெல்லாம் கூடாது, எந்த எண்ணெய், எந்தக் கரண்டி. சொல்லத் தொடங்கிய பிறகு ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. முடியாது என்றவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன்.

கல்யாணம் முடிந்து கந்தோருக்கு வந்த அன்று தோழி என் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தாள்.

“சாச்சி சொன்னவ. இவ்வளவு இருக்கெண்டு எனக்குத் தெரியாது அக்கா. நீங்கள் எங்கட வீட்டில சாப்பிடாதது வேற என்னவோ எண்டெல்லோ நினைச்சனான்.”

முஸ்லிம் வீட்டுச் சோறு என்று நான் ஒதுக்கியதாக நினைத்திருக்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவளுடைய வீட்டில், புதுச் சட்டியில், தனி அரிசிமாவில் எனக்குப் புட்டு அவிந்தது.

ஒரே தட்டு என்றுதான் நான் பயந்தேன். ஆனால் ஒரே தட்டாக இருந்ததால்தான் என் முன்னால் விழுந்த தூள் அந்த ஐந்து பேரின் சாப்பாட்டிலும் விழுந்த தூளாயிற்று. தனிப் பீங்கானில் அது என்னுடைய கரைச்சலாக மட்டும் இருந்திருக்கும். என் நோயை வெளியில் சொல்லக் கூசும் ஒவ்வொரு முறையும், பெயர்கூடத் தெரியாத ஒருத்திக்காகப் பசியோடு கையை எடுத்த அந்தப் பெண்களை நினைத்துக்கொண்டு வாயைத் திறக்கிறேன்.