எழுத்து குறைந்த பக்கம்

பள்ளிக்கூடத்தில் படித்த காலமெல்லாம் என் கைகளை மேசைக்கு அடியில்தான் வைத்திருந்தேன். சாத்தூரில் எங்கள் தெருவில் தீப்பெட்டி ஒட்டாத வீடு கிடையாது. கம்பெனியிலிருந்து மரச்சீவலும் நீலத்தாளும் வரும். பசையை நாங்களே காய்ச்சிக்கொள்ள வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நகக்கண்ணில் ஏறிவிட்டால் புளி போட்டுத் தேய்த்தாலும் பச்சை போகாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் உட்கார்ந்து ஒட்டுவேன். மறுநாள் வாத்தியார் கையை நீட்டச் சொன்னால் உள்ளங்கையை மட்டும் காட்டுவேன்.

அப்பா தீப்பெட்டி பண்டல் ஏற்றும் மாட்டுவண்டி ஓட்டினார். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டேன் என்று ஓடிவந்து சொன்னபோது அம்மா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"இனிமே ஒனக்கு இந்தப் பசை வேலை கெடையாதுல்லய்யா?"

"கெடையாதும்மா."

அன்றிலிருந்து என்னை அவள் பசைச்சட்டி பக்கம் வரவிடவில்லை. நான் சும்மா உட்கார்ந்திருப்பேன், அவள் ஒட்டிக்கொண்டிருப்பாள். வேலை இல்லாமல் இருந்த பத்து மாதங்களில் என்னை அதிகம் வருத்தியது அதுதான்.

வேலை தேடுவதும் ஒரு வேலையாகவே இருந்தது. விருதுநகருக்கு ரயிலில் போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். அங்கே இருந்த குமாஸ்தா தலை நிமிராமல் கேட்டார்.

"டைப் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"சுருக்கெழுத்து?"

"தெரியாதுங்க."

"வேற என்னதான் தெரியும்?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பதிவு அட்டையை நீட்டிவிட்டார். வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் என்னைப்போலவே ஒரு கூட்டம் நின்றது. மின்சார ஆபீசில் எடுக்கிறார்களாம், மதுரை மில்லில் எடுக்கிறார்களாம் என்று காற்றில் வரும் சேதியை ஆளாளுக்குப் பங்குபோட்டுக்கொண்டு நின்றார்கள். விருதுநகர்க் கடைத்தெருவிலும் ஏறி இறங்கிப் பார்த்தேன். மார்க்கு எவ்வளவு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. "தம்பி யாரு வீட்டுப் பிள்ளை?" என்றுதான் கேட்டார்கள். வண்டிக்காரர் பிள்ளை என்றேன். "சரி, சொல்லியனுப்புறோம்" என்றார்கள்.

எனக்கு அந்த நாட்களில் துணை ஒரே ஒருவன். தையல்காரர் மகன், என் வகுப்புத்தோழன். எப்போதும் மடிப்புக் கலையாத சட்டை, எப்போதும் ஒரு கேலி. சாயங்காலம் வாசகசாலைக்குப் போய்ப் பத்திரிகையில் 'ஆள் தேவை' பகுதியை இரண்டு பேரும் பார்ப்போம். தமிழில் இருப்பதை நான் எழுதிக்கொள்வேன், இங்கிலீஷில் இருப்பதை அவன். பிறகு மாற்றிப் பார்த்துக்கொள்வோம். யாருக்கு எது பொருந்துகிறதோ அவர் மனுப் போடுவது என்று பேச்சு. பெரும்பாலும் இரண்டு பேருக்குமே பொருந்தாது.

பத்தாவது மாதம் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து ஒரு அட்டை வந்தது. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் மிஷின் வேலை பழகுவதற்குப் படித்த ஆள் ஒருவர் வேண்டும், அசல் சான்றிதழுடன் நேரில் வரவும். ஒரே ஒரு இடம். மறுநாள் என் தோழனிடம் சொல்லப் போனால் அவன் கையிலும் அதே அட்டை.

"போச்சுடா" என்றான். "ஊருக்குள்ள வேற ஆளே கெடைக்கலையாலே இவுகளுக்கு?"

எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் என்பது ஒரு சின்னப் புத்தகம். பிறந்த தேதி, அங்க அடையாளம், ஒவ்வொரு வகுப்பு மார்க்கு எல்லாம் அதில் இருக்கும். கடைசித் தாளில்தான் அரசாங்கப் பரீட்சை மார்க்கும் முத்திரையும். ஊர் ஊராய்க் காட்டிக் காட்டி என் புத்தகத்தின் மேலட்டை நைந்து, தையல் விட்டுத் தொங்கியது. போவதற்கு முதல் நாள் மதியம் நான் சட்டைக்கு இஸ்திரிப்பெட்டி இரவல் வாங்கத் தோழன் வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அம்மா முந்தானைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.

புது அட்டை போட்டிருந்தாள். நல்ல நீலத்தாள், ஒரு சுருக்கம் இல்லை. நான்கு மூலையும் தீப்பெட்டி மூலை மாதிரி கத்தி வைத்து அறுத்ததுபோல் மடிந்திருந்தது. மேலே அம்மிக்குழவியை வைத்து அழுத்தியிருந்ததால் புத்தகம் பலகைபோல் நேராக இருந்தது.

"பெரிய மனுசங்க கையில குடுக்கிறது. அது பிஞ்சு தொங்கினா என்ன நினைப்பாக?"

"நல்லாருக்கும்மா" என்றேன். திறந்து பார்க்கவில்லை. ஈரம் காயட்டும் என்று மாடத்தில் வைத்துவிட்டேன்.

காலை பஸ்ஸில் இருவரும் சேர்ந்தே போனோம். அச்சக வாசலில் ஒரு பெஞ்சு. எங்களுக்கு முன்னால் ஆறேழு பேர் இருந்தார்கள். உள்ளே மிஷின் ஓடும் சத்தமும் மை வாசனையும். எங்கள் முறை நெருங்கும் நேரத்தில், பொழுது போகாமல் என் தோழன் என் புத்தகத்தை வாங்கிப் புரட்டினான். முன்னும் பின்னும் புரட்டினான்.

"ஏலே, ஒன் மார்க்கு எங்கலே?"

வாங்கிப் பார்த்தேன். கடைசித் தாளைக் காணவில்லை. பின்னட்டையைத் தடவினால் தடிப்பாக இருந்தது. அட்டை உறுதியாக நிற்க வேண்டும் என்று அம்மா கடைசித் தாளை அதோடு சேர்த்து ஒட்டியிருந்தாள். அவள் எப்படி யோசித்திருப்பாள் என்று எனக்கு உடனே புரிந்தது. தாளின் ஒரு பக்கம் முழுக்க அச்சடித்த விதிமுறைகள், எறும்பு ஊர்வதுபோல் எழுத்து. மறுபக்கத்தில் ஏழெட்டு எண்களும் ஒரு முத்திரையும், மற்றதெல்லாம் வெறும் தாள். எழுத்து நிறைய இருந்த பக்கத்தை வெளியே விட்டுவிட்டு, குறைந்த பக்கத்தை ஒட்டிவிட்டாள்.

"ஒங்கம்மா ஒன் கணக்கு மார்க்கப் பாத்துட்டு வெக்கப்பட்டு மூடிட்டாகளோ?" என்றான் அவன். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான்.

நகத்தால் கிளப்பப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பசை, அவ்வளவு எளிதில் விடுமா? ஓரத்தில் நூல் அளவு கிழிந்தது. கையை எடுத்துவிட்டேன்.

"கிழிக்காதலே. எம்புட்டு பெட்டி ஒட்டியிருக்க, ஒட்டினத எப்படிப் பிரிப்பீக?"

"ஆவியில காட்டணும்."

"பொறவென்ன? ஓடு. டீக்கடை அங்கன இருக்கு."

"அடுத்தது நாந்தாண்டா."

அவன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "ஒனக்குப் பதிலா நான் முன்ன போறேன். நீ வாற வரைக்கும் அவரைப் பேசிட்டே வச்சிருக்கேன். எனக்குப் பேச்சா வராது?"

டீக்கடை அண்ணாச்சியிடம் பாய்லர் ஆவியைக் கொஞ்சம் காட்ட வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டீ குடிக்கிறவுக வருவாக, கடன் சொல்றவுக வருவாக. புத்தகத்துக்கு ஆவி பிடிக்க வந்த ஆளு நீருதான்."

சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்து ஒதுங்கி நின்றார். பின்னட்டையை ஆவியில் பிடித்தேன். பசை இளகும்போது அந்தத் துத்தப் பசை வாசனை எழுந்தது. எங்கள் வீட்டு வாசனை. அம்மா நேற்று அம்மிக்குழவியைத் தூக்கி வைத்திருப்பாள், எடுத்துப் பார்த்திருப்பாள், மறுபடி வைத்திருப்பாள் என்று நினைத்தபடி ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். "மெதுவா, மெதுவா" என்றார் அண்ணாச்சி. அவருக்கும் அதில் அக்கறை வந்துவிட்டது. தாள் மெல்லப் பிரிந்து வந்தது. எண்கள் அப்படியே இருந்தன. முத்திரை மட்டும் கொஞ்சம் கலங்கி, சுற்றிலும் இளம்பச்சையாய் ஒரு கறை படர்ந்திருந்தது.

நான் திரும்பியபோது என் தோழன் இன்னும் உள்ளேதான் இருந்தான். குரல் வெளியே கேட்டது.

"அப்ப இந்த மிஷின் எந்த ஊர்ல செஞ்சதுங்க? அங்கனயும் காலண்டர் அடிப்பாகளா?"

"தம்பி, கேள்வி கேக்க வந்தது நானா, நீங்களா?" என்றது இன்னொரு குரல்.

வெளியே வந்தவன் என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தான்.

உள்ளே மேனேஜர் ஐம்பது வயதுக்காரர், சட்டைக் கையில் மைக்கறை. புத்தகத்தை வாங்கினார். மார்க்குப் பக்கத்தைப் பார்த்தார், ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார், மூடினார். பிறகு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூலை ஒன்றில் கட்டைவிரலை ஓட்டினார்.

"இதை யாரு ஒட்டினது?"

எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. "பைண்டிங் கடையில குடுத்தேங்க" என்றேன்.

"எந்தக் கடை?"

மேசையில் ஊன்றியிருந்த என் கை தானாகக் கீழே இறங்கியது.

"பைண்டிங் கடைக்காரன் மூலையை இப்படி மடிக்க மாட்டான், தம்பி. இது தீப்பெட்டி ஒட்டுற கை. யாரு ஒட்டினது?"

"எங்க அம்மா."

"அதைச் சொல்றதுக்கு என்ன?"

அவர் எழுந்து போய் ஒரு காலண்டர் அட்டை, ஒரு படம், ஒரு கிண்ணம் பசை மூன்றையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"ஒட்டு பாப்போம். காலையிலேர்ந்து வந்தவுக எல்லாரும் நாற்காலி எங்கன போடுவீகன்னுதான் கேக்கிறாக. இங்க மை படும், பசை படும். மிஷின் பழகணும்னா தாளு கையில நிக்கணும்."

பத்து மாதமாக நான் பசையைத் தொடவில்லை. இனித் தொட மாட்டேன் என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன். அந்தக் கிண்ணத்தைப் பார்த்தபடி நின்ற நேரம் எனக்கு நீளமாக இருந்தது. பிறகு விரலை விட்டேன். அதற்குமேல் கையே பார்த்துக்கொண்டது. தடவி, வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி, மூலையில் நகத்தால் கீறி மடித்தேன். ஒரு காற்றுக்கொப்புளம் இல்லை.

"ஒண்ணாந்தேதி வா" என்றார். "மார்க்கும் நல்ல மார்க்குதான்."

வெளியே வந்து சொன்னதும் தோழன் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். திரும்பும் பஸ்ஸில் அவன்தான் பேசிக்கொண்டு வந்தான். நான் முறைப்படி முன்னால் போயிருந்தால், அவன் இத்தனை கேள்வி கேட்டு அவரை எரிச்சல்படுத்தாமல் இருந்திருந்தால், வேலை அவனுக்கே கிடைத்திருக்குமோ என்று என் மனசு சுற்றிச் சுற்றி வந்தது. ஊர் நெருங்கும்போது கேட்டேவிட்டேன்.

"என்னாலதானலே ஒனக்குப் போச்சு?"

"போலே. என்னை ஒரு மூலை மடிக்கச் சொல்லியிருந்தா அவரு காலண்டர் கம்பெனியே நாறிப்போயிருக்கும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "மிஷின் எந்த ஊர்ல செஞ்சதுன்னு கடைசி வரைக்கும் அவரு சொல்லலைலே" என்றான்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றாள். வேலை கிடைத்தது என்றேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் கன்னத்தைத் தொட வந்தவள், பசை ஈரம் என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். நான் அந்தக் கையைப் பிடித்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

"புத்தகத்தப் பாத்தாகளா?"

"பாத்தாக. யாரு ஒட்டினதுன்னு கேட்டாக."

"கேட்டாகளா?" அவள் முகத்தில் அப்படியொரு வெட்கத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "நீ என்னன்னு சொன்ன?"

"எங்கம்மான்னு சொன்னேன்."

முதலில் என்ன சொன்னேன் என்பதையும், கடைசித் தாளையும், டீக்கடையையும் அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. சிவகாசியிலும் பசை வேலைதானா என்று அவள் கேட்டாள். பசையும் உண்டு, மிஷினும் உண்டு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மிஷினும் உண்டுல்ல" என்று திருப்திப்பட்டுக்கொண்டாள்.

என் தோழனுக்கு விருதுநகரில் ஒரு பஞ்சாலையில் எடை பார்த்து எழுதும் வேலை கிடைக்க மேலும் ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் நான் அச்சகத்தில் எந்த இடம் காலியாகும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், வாசகசாலையில் இங்கிலீஷ் பகுதியையும் நானே எழுதி அவனுக்குக் கொடுத்தேன்.

நேர்முகத்துக்கு அட்டை வந்த எங்கள் தெருப் பிள்ளைகள் இப்போது தங்கள் சான்றிதழ்ப் புத்தகத்தை அம்மாவிடம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவள் ஒட்டிய புத்தகம் ராசி என்று பேச்சு. அவளும் சலிக்காமல் நீலத்தாள் போட்டுக் கொடுக்கிறாள். நான் ஒவ்வொரு பையனையும் சந்தில் நிறுத்தி, கடைசித் தாளுக்கும் அட்டைக்கும் நடுவில் இரண்டு தீக்குச்சியை வைத்துக் கொடுக்கச் சொல்கிறேன். குச்சி இருக்கும் இடத்தில் அவள் பசை தடவ மாட்டாள். இந்தக் குச்சி எதற்கென்று ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

"அதுவும் ராசிதாம்மா" என்றேன். அவள் நம்பிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.